ஹாப்கின் பெற்ற நீதி

பம்பாய் நகரத்தில், பரேல் என்னும் பகுதியில், ஹாப்கின் ஸ்தாபனம் என்ற பெயருடன் ஓர் ஆராய்ச்சிச்சாலை இருப்பதை நம் வாசகர்களில் பலர் அறிவார்கள். அப்பெயருக்குரியவர் யார், எத்தேசத்தவர், நம் நாட்டுக்கு அவர் செய்தது என்ன, அதற்கு அவர் பெற்றது என்ன என்று கேட்டால் விடை கூறவல்லவர் நூற்றுக்கு ஒருவர் இருப்பாரோ என்பது சந்தேகமே. படை நடத்தி நாடு பிடித்தவர்களுக்குச் சிலை வைப்பதும், பிராணனைக் காத்தவர்களை ஒரு தலைமுறைக்குள் மறந்து விடுவதும் உலக வழக்கமாயிருக்கிறது. ஹாப்கினுடைய சரித்திரத்தை நாம் மறக்கலாகாது. முதற் காரணம் நன்றி. இரண்டாவது காரணம், அவருடைய வாழ்க்கையின் நடுவே ஒரு வழக்கு இருக்கிறது. அது எந்த நியாயஸ்தலத்தின் படியும் ஏறாமல், தக்க ருசுவின்றி முடிக்கப்பட்ட வழக்கு. பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்கள் அதன் விவரங்களை ஊன்றிப் படிக்க வேண்டுமென்று நாம் கருதுகிறோம்.

வால்டெமார் மொர்டெகாய் ஹாப்கின் 1860-ம் வருஷம் மார்ச்சு மாதம் 15-ந் தேதி, அப்போது ருஷிய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்ததும் இப்போது உக்ரெய்ன் தேசத்திலுள்ளதுமான ஒடெஸ்ஸா நகரில், ஒரு யூத குடும்பத்தில் பிறந்தார். ஒடெஸ்ஸா சர்வகலாசாலையில் அவர் பிராணி சாஸ்திரம் படித்தார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற மெட்ச்னிகாப் அங்கே அவருக்கு ஆசிரியர். 1881-ம் வருஷத்தில் ஜார் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்ஸாண்டர் கொலையுண்ட பின்னர், தென் ருஷியாவில் யூதர்களின் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. அவ்வேளையில் தம் ஜனங்களைக் காப்பதற்கென்று திரண்ட இளைஞர் கூட்டத்தில் ஹாப்கினும் நின்றார். போலீஸார் அவரைக் கைது செய்தனர். மெட்ச்னிகாப் தலையிட்டதன் மேல் விடுதலையானார். படிப்பு முடிந்த பிறகும் சர்வகலாசாலையில் அவருக்கு ஆசிரியர் பதவி கிட்டவில்லை. கிறிஸ்து மதத்தில் சேர்ந்தால் அந்தத் தடை நீங்கியிருக்கும். அவர் மறுத்து விட்டார். ஒடெஸ்ஸாவின் பிராணிக் காட்சிச்சாலையில் ஒரு சிறு உத்தியோகத்துடன் சில வருஷங்களைக் கழித்து, 1888-ம் வருஷத்தில் சுவிட்ஸர்லாந்துக்கும், அடுத்த வருஷம் பாரிஸ் நகருக்கும் போய்ச் சேர்ந்தார். அங்கே பாஸ்டர் ஸ்தாபனத்தில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை புஸ்தகசாலையில் உதவியாளர் வேலை. பகலில் புஸ்தகங்களை அடுக்கி, எஞ்சிய நேரத்தில் ஆராய்ச்சி மேஜைக்குச் சென்றார்.

அவர் எடுத்துக் கொண்ட விஷயத்தைச் சற்று விளக்குவது அவசியம். அம்மை நோய்க்கு மாட்டம்மைப் பாலைக் குத்திப் பாதுகாக்கும் வழியை ஜென்னர் 1796-ம் வருஷத்தில் காட்டினார். ஆனால் அந்தப் பாலில் இருந்தது என்னவென்று அவருக்குத் தெரியாது. நோய்க் கிருமியையே வலுக்குறைத்து உடலில் செலுத்தினால், அதே நோய் பின்னர் அணுகாது என்பதைப் பாஸ்டர் கோழிக் காலராவிலும், ஆடுமாடுகளை வருத்தும் அடைப்பான் நோயிலும் நிரூபித்தார். கிருமியைக் கண்டு பகைவன் இன்னானென்று உடல் அறிந்து கொள்கிறது. மறுமுறை அவன் வரும்போது எதிர்ப்பதற்குத் தயாராயிருக்கிறது. அவ்வாறு அடையாளம் கொடுக்கும் பொருளுக்கு இக்காலத்து சாஸ்திரிகள் ஆண்டிஜென் என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஒரு கிருமியில் எத்தனையோ பொருள்கள் உண்டு. உடலுக்கு மெய்யாகவே காவல் தருவது அவற்றில் எது? அது கிருமியின் உடலில் இருக்கிறதா, கிருமி வெளியே கக்கும் விஷத்தில் இருக்கிறதா? உயிருள்ள கிருமிதான் வேண்டுமா, செத்த கிருமி போதுமா? இக்கேள்விகளே ஹாப்கினுடைய ஆயுளை ஆட்கொண்டன.

முதலில் அவர் எடுத்துக் கொண்டது காலரா. அந்நோயின் கிருமியை ஜெர்மன் நிபுணர் கோக் 1884-ம் வருஷத்தில் கல்கத்தாவில் ஆராய்ந்து ஸ்தாபித்திருந்தார். மறு வருஷம் ஸ்பெயின் தேசத்து வைத்தியர் பெரான் உயிருள்ள காலராக் கிருமியைப் பல்லாயிரம் பேருக்குக் குத்தினார். ஆனால் மருந்தின் வலிமை ஒரு புட்டிக்கு ஒரு விதமாக இருந்தது. கணக்குகளும் நம்பும்படி வைக்கப்படவில்லை. ஹாப்கின் முதலில் வலிமையை நிலைப்படுத்த முற்பட்டார். கிருமியை ஒரு கினியா எலியின் வயிற்றறையிலிருந்து மற்றொன்றின் வயிற்றறைக்கு வரிசையாக மாற்றி மாற்றிச் செலுத்தி, அதன் உக்கிரத்தை ஒரே அளவில் நிற்கும்படி உயர்த்தினார். அதன் ஒரு பகுதியை 39 டிகிரி உஷ்ணத்தில் காற்றோட்டத்துடன் வளர்த்து வலுக்குறைத்தார். முதல் ஊசி வலுக்குறைந்த கிருமி; சில நாள் கழித்து இரண்டாவது ஊசி உக்கிரமான கிருமி. எலிகளும் முயல்களும் பிழைத்தன. மனிதனுக்கு இது தீங்கற்றதென்று எவ்வாறு அறிவது? 1892-ம் வருஷம் ஜூலை 18-ந் தேதி அவர் அதைத் தம் உடலிலேயே குத்திக் கொண்டார். ஜுரம் கண்டு தணிந்தது. பிறகு அவருடைய ருஷிய நண்பர்கள் மூவர் முன்வந்து குத்திக் கொண்டனர். அம்மாத முடிவில் பாரிஸ் உயிர் நூற் சங்கத்தில் தம் முடிவுகளை அவர் வெளியிட்டார்.

தீங்கற்றதென்று தெரிந்தது, பயனுள்ளதென்று தெரிய வேண்டுமானால் காலரா உள்ள தேசத்துக்குப் போக வேண்டும். முன்பு இந்தியாவில் வைஸிராயாக இருந்த டப்ரின் பிரபு அப்போது பாரிஸில் பிரிட்டிஷ் ஸ்தானாதிபதி. அவருடைய உதவியால் 1893-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஹாப்கின் கல்கத்தாவில் வந்திறங்கினார். இரண்டு வருஷத்துக்கு மேல் வட இந்தியாவெங்கும் சுற்றி நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி குத்தினார். கல்கத்தாச் சேரிகளில் வங்காள வைத்தியர்கள் அவருடன் உழைத்தார்கள். ஜனங்கள் அஞ்சிய இடங்களில் அவர்கள் கண் முன்னே தாமே ஊசி குத்திக் கொண்டு காட்டினார். விரும்பி வந்தவர்களுக்கே அவர் குத்தினார். பலவந்தம் அவருடைய முறையில் இல்லை.

இவ்விடத்தில் அவருடைய முறையின் சிறப்பு ஒன்றை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒரு கிராமம் முழுவதற்கும் ஊசி குத்திவிட்டு, நோய் வரவில்லையென்று பறையறைவது சுலபம். நோய் தானாகவே வராதிருந்திருக்கலாமே என்று கேட்டால் அதற்கு விடையில்லை. ஹாப்கின் ஒரே குடும்பத்தில், ஒரே சேரியில், ஒரே தண்ணீரைக் குடிப்பவர்களில், குத்திக் கொண்டவர்களையும் குத்திக் கொள்ளாதவர்களையும் பக்கம் பக்கமாக வைத்துக் கணக்கெடுத்தார். 1894-ம் வருஷத்தில் கல்கத்தாவின் காட்டல் பகான் சேரியில் காலரா தோன்றியது. ஏறக்குறைய 200 பேர் வசித்த அவ்விடத்தில் 116 பேர் ஊசி குத்திக் கொண்டனர். பிறகு அங்கே கண்ட காலரா முழுவதும் குத்திக் கொள்ளாதவர்களையே பற்றியது. வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு, இவ்வகைச் சாட்சியத்தின் வலிமை இன்னதென்று சொல்ல வேண்டியதில்லை. தமக்குச் சாதகமான கணக்குகளுடன் பாதகமானவற்றையும் அவர் சேர்த்தே வெளியிட்டார். காலரா மருந்து நோய் வருவதைப் பெரிதும் குறைத்தது. ஆனால் அதையும் மீறி நோய் வந்தவர்களில் சாவின் விகிதம் குறையவில்லை. இக்குறையை அவர் மறைக்கவில்லை. மனத்தில் வைத்துக் கொண்டார். அடுத்த மருந்துக்கு அதுவே வழி காட்டியது.

1896-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் பம்பாயில் பிளேக் தோன்றியது. அக்டோபர் முதல் வாரத்தில் ஹாப்கின் அங்கு வந்து சேர்ந்தார். கிராண்டு வைத்தியக் கலாசாலையில் அவருக்கு ஒரு சிறு அறையும், ஒரு தாழ்வாரமும், ஒரு குமாஸ்தாவும், மூன்று சேவகர்களும் கொடுக்கப்பட்டனர். நகரத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டு ஓடிக் கொண்டிருக்க, இவர் அந்த அறையில் பிளேக் கிருமியை வளர்த்துக் கொண்டிருந்தார். காலராவில் கண்ட குறையை இம்முறை நீக்க வேண்டும். கிருமியின் உடல் நோய் வராமல் தடுக்குமென்றும், கிருமி நீரில் விடும் விஷம் உடலை அவ்விஷத்துக்குப் பழக்கிச் சாவைக் குறைக்குமென்றும் அவர் அனுமானித்தார். ஆகவே இரண்டையும் ஒரே மருந்தில் சேர்க்கத் தீர்மானித்தார். மாமிச ரசத்தில் கிருமியை வளர்ப்பது வழக்கம். பசுவின் மாமிசம் ஹிந்துக்களுக்கும் பன்றியின் மாமிசம் முஸ்லிம்களுக்கும் ஆகாதென்பதை எண்ணி, ஆட்டு மாமிசத்தை ஆஸிட்டில் கரைத்து ரசம் தயாரித்தார். ரசத்தின் மேல் நெய்யைச் சொட்டு விட்டு மிதக்க விட்டார். அந்நெய்த் துளிகளைப் பற்றிக் கொண்டு கிருமிக் கூட்டம் குகையின் கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புக் குச்சிகளைப் போலக் கீழ் நோக்கி வளர்ந்தது. குடுவையைக் குலுக்கினால் அவை உதிர்ந்து அடியில் படியும். மேலே புதிய குச்சிகள் வளரும். சில வாரங்களில் குடுவை முழுவதும் கிருமியின் உடல்களும் அவை கக்கிய விஷமும் நிறைந்திருக்கும். பிறகு அதைச் சூடாக்கி எல்லாக் கிருமிகளையும் கொன்று, சிறிது கார்பாலிக் ஆஸிட் சேர்த்துப் புட்டியில் அடைத்தார். உயிருள்ள கிருமி இல்லாமலே காவல் தர முடியும் என்ற துணிவின் மேல் எழுந்த மருந்து அது.

1897-ம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி, மற்றவர்களுக்குக் கொடுக்க நினைத்திருந்த அளவைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கைத் தம் உடலில் குத்திக் கொண்டார். கடும் ஜுரமும் வலியும் கண்டன. ஆயினும் வேலையை நிறுத்தவில்லை. அம்மாத இறுதியில் பைகல்லா சிறைச்சாலையில் பிளேக் புகுந்தது. கைதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் விரும்பிக் குத்திக் கொண்டனர். குத்திக் கொள்ளாதவர்களில் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் மாண்டனர். குத்திக் கொண்டவர்களில் இருவருக்கு நோய் கண்டது, ஒருவரும் சாகவில்லை. மறு வருஷம் பரோடாவுக்கு அருகிலுள்ள உந்தேரா கிராமத்தில் ஒவ்வொரு குடும்பத்தையும் இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் குத்தினார்கள். குத்திக் கொண்ட 71 பேரில் 8 பேருக்கு நோய். 3 பேர் மரணம். குத்திக் கொள்ளாத 64 பேரில் 27 பேருக்கு நோய். 26 பேர் மரணம். ஒரே கூரையின் கீழ் எடுத்த இந்தக் கணக்குக்கு மேல் வேறு ருசு என்ன வேண்டும்?

நிற்க. அக்காலத்துச் சர்க்கார் பிளேக்கை அடக்கக் கையாண்ட வழிகளும் நினைவிலிருக்க வேண்டும். சோல்ஜர்கள் வீடு புகுந்து சோதனையிட்டதும், ஸ்திரீகளையும் நோயாளிகளையும் பலவந்தமாகப் பிரித்துக் கொண்டு போனதும், சாமான்களைத் தெருவில் எறிந்ததும் பம்பாய் மாகாணத்தைக் கொதிக்கச் செய்தன. 1897-ம் வருஷம் ஜூன் மாதத்தில் புனாவில் பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டதும், அதே வருஷத்தில் திலகர் ராஜத்துவேஷக் குற்றம் சாட்டப்பெற்றுப் பதினெட்டு மாத தண்டனை அடைந்ததும் சரித்திரப் பிரசித்தம். சர்க்காரின் பலவந்தத்தைக் கண்டு வெகுண்ட ஜனங்கள் ஊசியையும் சந்தேகித்தது இயல்பே. அச்சந்தேகத்தைச் சர்க்கார் உத்தரவு தீர்க்கவில்லை. ஜனங்களின் தலைவர்கள் தீர்த்தார்கள். கோஜா முஸ்லிம்களின் குருவாகிய ஆகாகான், இருபது வயதுதான் நிரம்பியவர், பலர் காண ஊசி குத்திக் கொண்டார். தம் மாளிகைகளில் ஒன்றை ஆராய்ச்சிச்சாலைக்காக ஹாப்கினுக்கு ஒழித்துக் கொடுத்தார். கோஜாக்கள் ஆயிரக்கணக்கில் முன்வந்தனர். 1899-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பரேலிலிருந்த பழைய கவர்னர் மாளிகைக்கு ஆராய்ச்சிச்சாலை மாறியது. அதன் தலைமைப் பதவி ஹாப்கினுக்குக் கிடைத்தது.

இதுவரையில் ஏறுமுகம். 1902-ம் வருஷத்தில் பஞ்சாப் சர்க்கார் தங்கள் மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்களுக்கு ஊசி குத்தத் திட்டமிட்டு, பரேலிலிருந்து ஏராளமாக மருந்து கேட்டது. அவ்வளவு மருந்தை விரைவில் தயாரிப்பதற்காக ரசத்துக்குப் பதிலாக அகார் என்னும் கடற்பாசிக் கூழில் கிருமியை வளர்க்கும் முறை கையாளப்பட்டது. கார்பாலிக் ஆஸிட் சேர்ப்பதும் விடப்பட்டது. அக்டோபர் 30-ந் தேதி, இன்று பாகிஸ்தானத்தைச் சேர்ந்த மல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி குத்தினார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்துக்குப் பின்னர் அவர்களில் 19 பேருக்குத் தனுர்வாதம் என்னும் ரண ஜன்னி கண்டது. பத்தொன்பது பேரும் மாண்டனர். அவர்கள் அனைவரும் ஒரே ஒரு புட்டியிலிருந்து மருந்து பெற்றவர்கள். வேறு புட்டிகளிலிருந்து குத்தப்பட்ட மற்ற 88 பேருக்கும் யாதொரு தீங்கும் நேரவில்லை.

பத்தொன்பது ஏழைக் குடியானவர்களின் சாவு சிறிய விஷயமல்ல. விசாரணை அவசியமே. பம்பாய் ஹைகோர்ட்டுப் பிரதம நீதிபதி ஸர் லாரன்ஸ் ஜென்கின்ஸ் தலைமையில் மூவர் கொண்ட கமிஷன் நியமிக்கப்பட்டது. புட்டியைத் திறப்பதற்கு முன்னரே, அதாவது பரேலிலேயே, தனுர்வாதக் கிருமி அதில் புகுந்திருக்க வேண்டுமென்று கமிஷனர்கள் அபிப்பிராயப்பட்டனர். கார்பாலிக் ஆஸிட்டை விட்டது குறையாகச் சொல்லப்பட்டது. ஹாப்கின் பதவியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். 1904-ம் வருஷத்தில் அவர் இந்தியாவை விட்டுச் சென்றார். கமிஷன் கண்ட விவரங்களோ வருஷக்கணக்கில் பொதுஜனங்களின் பார்வைக்கு வராமலிருந்தன.

கமிஷன் முன்பிருந்த சாட்சியங்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம். மல்கோவாலில் அந்தப் புட்டியைத் திறக்கும்போது உதவியாளின் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. அதை எடுத்துக் கார்பாலிக் நீரில் அலசிவிட்டு, அதனாலேயே தக்கையைப் பிடுங்கினார். தனுர்வாதக் கிருமி மண்ணில் வசிப்பது. அதிலும் ஆடுமாடுகள் நடமாடும் கிராமத்து மண்ணில் மிகுதியாக வசிப்பது. அதன் விதைகள் 5 சதவீத கார்பாலிக் நீரிலும் பல மணி நேரம் சாகாமலிருக்கும்; க்ஷண நேரம் அலசுவதால் ஆவது ஒன்றுமில்லை. மருந்தில் கார்பாலிக் சேர்த்திருந்தால் மட்டும் அவ்விதைகள் அழிந்திருக்குமென்று சொல்ல முடியுமா? இது ஒன்று. பரேலிலேயே கிருமி புகுந்திருந்தால், புட்டி மூடிக் கிடந்த நாட்களில் அது பெருகிச் சகிக்க முடியாத துர்நாற்றத்தை உண்டாக்கியிருக்கும். திறந்த டாக்டர் அவ்வித நாற்றம் எதையும் காணவில்லை. இது இரண்டு. பல நாள் பெருகிய கிருமியுடன் அதன் விஷமும் சேர்ந்து உடலில் சென்றிருந்தால் நோய் விரைவிலேயே வெளிப்பட்டிருக்கும். ஏறக்குறைய ஒரு வாரம் சென்றே வெளிப்பட்டது. ஆகவே உடலில் சென்றவை புதிதாக விழுந்த சில விதைகளே என்று கொள்வது பொருந்தும். இது மூன்று. இம்மூன்றும் ஒரே திசையைச் சுட்டுகின்றன. அத்திசை பரேல் அன்று, மல்கோவால் மண்.

சாதாரணத் திருட்டுக் கேஸிலும், ருசு செய்யும் பாரம் குற்றஞ்சாட்டியவர் மேலது. சந்தேகத்தின் பயன் எதிரிக்கு உரியது. பத்து வருஷம் இத்தேசத்துக்கு உழைத்த ஒருவருக்கு அந்தச் சாமானிய விதியும் மறுக்கப்பட்டது. ஏன்? ஹாப்கின் வைத்தியப் பட்டம் பெற்றவரல்லர், பிராணி சாஸ்திரி. இந்திய மெடிக்கல் ஸர்வீஸ் என்ற வெள்ளை உத்தியோகஸ்தர் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர். பிறப்பால் ருஷியர்; மதத்தால் யூதர். அத்தகைய ஒருவர் அவர்களுக்கு மேலாகத் தலைமைப் பதவியில் வீற்றிருந்தது பலருக்குக் கண்ணுறுத்தலாக இருந்தது. அதே காலத்தில் பிரான்சு தேசத்தில் ட்ரைபஸ் என்ற யூத ராணுவ அதிகாரி 1894-ம் வருஷத்தில் பொய்க் குற்றத்தின் மேல் தண்டனையடைந்து, 1906-ம் வருஷத்தில்தான் குற்றமற்றவரென்று தீர்க்கப்பட்டார். ஹாப்கினுடைய சங்கதியை இரண்டாவது ட்ரைபஸ் வழக்கென்று பலர் சொல்வதற்குக் காரணமில்லாமலில்லை.

இத்தீர்ப்பினால் நஷ்டமடைந்தவர் ஹாப்கின் ஒருவர் மாத்திரமல்லர். மல்கோவால் செய்தி பஞ்சாபெங்கும் பரவியது. மருந்தே விஷம் என்ற எண்ணம் ஜனங்களிடம் வேரூன்றியது. ஊசித் திட்டம் சிதைந்தது. 1907-ம் வருஷத்தில் மட்டும் பஞ்சாபில் 6 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பிளேக்கினால் மாண்டனர். அவர்கள் அனைவரையும் ஊசி காப்பாற்றியிருக்குமென்று நாம் சொல்ல வரவில்லை. பாதிப் பேருக்குக் காவல் தந்திருந்தாலும் எத்தனை குடும்பங்கள் பிழைத்திருக்கும்! தவறு நேர்ந்த இடத்தை உள்ளபடி கண்டு, இடுக்கியை எவ்வாறு சுத்தம் செய்ய வேண்டுமென்று விதித்து, உண்மையை ஜனங்களுக்குப் பகிரங்கமாக எடுத்துச் சொல்லியிருந்தால் நம்பிக்கை மீண்டிருக்கும். விவரங்களைப் பூட்டி வைத்துக் கொண்டு ஒரு மனிதரைப் பலி கொடுத்ததனால், சந்தேகம் மருந்தின் மேலேயே நிலைத்து விட்டது.

விவரங்கள் வெளிவந்த பிறகு விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. மலேரியா கொசுவினால் பரவுவதை இந்தியாவில் கண்டு பிடித்து 1902-ம் வருஷத்தில் நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ் முன்னணியில் நின்றார். 1907-ம் வருஷம் ஜூலை மாதத்தில் அவரும் வேறு ஒன்பது நிபுணர்களும் கையெழுத்திட்டு லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ஹாப்கின் மேல் சாட்டிய குற்றம் ருசுவாகவில்லையென்பது மட்டுமல்ல, அது தவறென்பதே ருசுவாகிறது என்று அதில் எடுத்துக் காட்டினார்கள். பார்லிமெண்டிலும் கேள்விகள் எழுந்தன. அவ்வருஷ முடிவில் அரசாங்கம் அவரை மீண்டும் வேலையில் அமர்த்தியது. ஆனால் எங்கே? அவர் தம் கையால் கட்டியெழுப்பிய பரேலில் இடமில்லையென்று கூறி, கல்கத்தாவில் ஒரு சிறு ஆராய்ச்சிச்சாலையைக் கொடுத்தார்கள். செத்த கிருமியைக் கொண்டு புதிய காலரா மருந்து செய்து ஜனங்களிடம் பரீட்சிக்க விரும்பினார். அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. 1914-ம் வருஷத்தில் உத்தியோகத்தினின்றும் விலகி ஐரோப்பாவுக்குத் திரும்பினார்.

எஞ்சிய காலத்தை அவர் தம் மதத்தவரின் கல்விக்கும் உரிமைக்கும் உழைப்பதில் செலவிட்டார். மணம் செய்து கொள்ளவில்லை. 1925-ம் வருஷத்தில் பரேல் ஆராய்ச்சிச்சாலைக்கு ஹாப்கின் ஸ்தாபனம் என்ற பெயர் இடப்பட்டது. பெயரை நிலைநிறுத்தியதே அவர் கண்ணால் கண்ட பரிகாரம். 1897 முதல் 1925 வரையில் பம்பாயிலிருந்து 2 கோடி 60 லட்சம் பேருக்குப் போதுமான பிளேக் மருந்து அனுப்பப்பட்டதாகக் கணக்கு. 1930-ம் வருஷம் அக்டோபர் 26-ந் தேதி, தமது எழுபதாம் வயதில், சுவிட்ஸர்லாந்தின் லோஸான் நகரில் அவர் காலமானார். கிழக்கு ஐரோப்பாவின் யூத பாடசாலைகளுக்குத் தம் பொருளை எழுதி வைத்தார். சுதந்திர இந்தியா 1964-ம் வருஷத்தில் அவருக்குத் தபால் தலை வெளியிட்டுக் கௌரவித்தது.

அவர் தொடங்கிய தேடல் அவருக்குப் பின்னும் நிற்கவில்லை. பிளேக் கிருமி நம் உடலின் உஷ்ணத்தில், அதாவது 37 டிகிரியில், தன்னைச் சுற்றி ஒரு மெல்லிய உறையைப் போர்த்திக் கொள்கிறது; குளிர்ந்த இடத்தில் அவ்வுறை சரியாக விளைவதில்லை. அந்த உறையே காவல் தரும் முக்கியமான ஆண்டிஜென் என்பது 1930-க்குப் பிந்திய ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. ஹாப்கின் ஸ்தாபனத்திலும், அதன் முதல் இந்தியத் தலைவராக 1932-ம் வருஷத்தில் பதவியேற்ற ஸாஹிப் சிங் ஸோக்கி பிளேக் மருந்தைச் செம்மைப்படுத்தும் ஆராய்ச்சிகளை நடத்தினார். 1952-ம் வருஷத்தில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் அவ்வுறையின் பொருளைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தனர். காலராவிலும் இவ்வாறே. கிருமி வெளியே விடும் விஷம் ஒன்று உண்டென்பதைக் கல்கத்தாவின் சம்பு நாத் தே 1959-ம் வருஷத்தில் நிரூபித்தார். செத்த கிருமியுடன் அவ்விஷத்தின் தீங்கற்ற ஒரு பகுதியைச் சேர்த்து வாய்வழி கொடுக்கும் மருந்து பின்னர் வந்தது. உடலும் விஷமும் சேரட்டும் என்று ஹாப்கின் 1896-ம் வருஷத்தில் கொண்ட அனுமானத்தின் நிழலை அதில் காணலாம்.

இக்காலத்திலோ கிருமியை வளர்க்கு முன்னரே அதன் பரம்பரை எழுத்துக்களைப் படித்து ஆண்டிஜெனைத் தேடுகிறார்கள். மூளைக் காய்ச்சலை உண்டாக்கும் ஒரு கிருமியின் எழுத்துக்களை முழுவதும் படித்து, அதன் மேற்புறத்தில் இருக்கக்கூடிய பொருள்கள் சுமார் 600 என்று பொறுக்கி, அவற்றில் 350 பொருள்களைத் தனித்தனியே செய்து எலிகளில் பரீட்சித்த முடிவுகள் 2000-ம் வருஷத்தில் வெளியாயின. அவ்வழியில் பிறந்த தடுப்பு மருந்துக்கு ஐரோப்பாவில் 2013-ம் வருஷத்தில் அனுமதி கிடைத்தது. கருவிகள் மாறின, கேள்வி மாறவில்லை. இப்பொருள் உண்மையாகவே காவல் தருகிறதா என்பதை, கொடுத்தவரையும் கொடாதவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே இன்றும் தீர்மானிக்கிறார்கள்.

தம் மருந்தைப் பற்றி ருசுவின்றி ஒரு வார்த்தையும் பேசாத மனிதரை ருசுவின்றித் தண்டித்தார்கள் என்பதே இச்சரித்திரத்தின் சாரம். அவருக்கு முடிவில் கிடைத்த நீதியும், ஆட்சியாளரின் தயவால் கிடைத்ததன்று. ஒரு புட்டி, ஒரு இடுக்கி, ஏழு நாட்கள் என்ற சிறு விவரங்களைப் பொறுமையுடன் ஆராய்ந்து, அஞ்சாமல் எழுதிய பத்துப் பேரால் கிடைத்தது. பொதுவாழ்வில் ஒருவர் மேல் பழி எழும்போது நம்மில் எத்தனை பேர் விவரம் கேட்கிறோம்? குற்றம் சாட்டப்பட்டவர் நம் கட்சியினராயின் விசாரணையே வேண்டாமென்கிறோம். எதிர்க் கட்சியினராயின் விசாரணையின்றியே தீர்ப்பளிக்கிறோம். இரண்டும் ஒரே பிழை. அப்பிழையின் பயனைப் பஞ்சாப் கிராமங்கள் அனுபவித்தன. பரேல் வழியாகச் செல்லும் வாசகர் அந்த ஆராய்ச்சிச்சாலையின் வாசலில் பொறித்திருக்கும் பெயரைப் பார்க்கும்போது மல்கோவாலையும் சேர்த்து நினைப்பாராக.